‘கச்சக்’: தப்பியோடிய மனிதனும் தப்பியோடிய சரக்கும்

முஸ்லிம் உலகின் பெரும்பகுதியில் கடத்தல் சரக்கைக் குறிக்க வழங்கும் சொல் ஒன்று உண்டு. துருக்கியர் அதனைக் ‘கச்சக்’ என்பர். ஈரானியரும் ஆப்கானியரும் ‘காச்சாக்’ என்பர். ஈராக்கின் பேச்சு அரபியிலும் குர்து மொழியிலும் அது சிறு ஒலி மாற்றங்களுடன் வழங்குகிறது. அஸர்பைஜானிலும் அல்பேனியாவிலும் செர்பியாவிலும்கூட இச்சொல் உண்டு. ஆனால், அங்கெல்லாம் அது சரக்கைக் குறிப்பதில்லை, மனிதனைக் குறிக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் பொருளையும் மற்றோரிடத்தில் ஆளையும் சுட்டுவது எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிப் போனால், சொல்லாராய்ச்சியில் தொடங்கும் பயணம் வரியின் வரலாற்றிலும் எல்லைக்கோட்டின் வரலாற்றிலும் போய் முடிகிறது.

வேரும் கிளைகளும்

‘கச்’ என்பது துருக்கிய மொழிகளின் தொன்மையான வினையடி. தப்பியோடுதல் என்பது அதன் பொருள். பதினொன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்து துருக்கிய மொழிகளுக்கு அரபியில் அகராதி தொகுத்த மஹ்மூத் அல்கஷ்காரி இவ்வினையைப் பதிவு செய்துள்ளார். இவ்வடியோடு ‘அக்’ என்னும் விகுதி சேரும்போது, அத்தொழிலை இயல்பாகக் கொண்டவன் அல்லது கொண்டது என்னும் பொருள் பிறக்கிறது. ‘கோர்க்’ அஞ்சுதல், ‘கோர்கக்’ அஞ்சுபவன், கோழை. அவ்வாறே ‘கச்சக்’ என்பவன் ஓடிப்போனவன். போர்ப்படைக்கு ஆள் சேர்ப்பவரிடமிருந்து ஓடியவன், தண்டனைக்கு அஞ்சி மலையேறியவன், ஆண்டையிடமிருந்து தப்பியவன் யாவரும் கச்சக்கே.

இன்றைய துருக்கியில் இச்சொல்லின் ஆட்சி மிகப் பரந்தது. குழாயில் நீர் கசிந்தாலும் எரிவாயு கசிந்தாலும் ‘கச்சக்’. அனுமதியின்றி எழுப்பிய வீடு கச்சக் கட்டடம். கம்பியில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரம் கச்சக் மின்சாரம். 2014ஆம் ஆண்டு அங்காராவில் நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் மீறி வனப் பண்ணை நிலத்தில் அதிபருக்கென மாளிகை எழுந்தபோது, எதிர்க்கட்சியினர் அதற்கு இட்ட பெயர் ‘கச்சக் சராய்’, அதாவது கள்ள அரண்மனை. எளியவன் குடிசைக்கு அரசு சூட்டிய பெயரை, எளியவர் சார்பாக நின்றோர் அரசின் மாளிகைக்கே திருப்பிச் சூட்டினர்.

இதன் பிறவினை வடிவம் ‘கச்சிர்மக்’. ஓடச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். சரக்கைக் கடத்துவதும், ஆளைக் கடத்துவதும், பெண்ணைத் தூக்கிச் செல்வதும் இந்த ஒரே வினையால் சொல்லப்படும். தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. நம் மொழியிலும் பொருட்கடத்தல், ஆட்கடத்தல் இரண்டுக்கும் சொல் ஒன்றே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் ‘கடத்தல்’ கடந்து செல்லச் செய்தலைக் குறிப்பது. அதற்குள் ஆறோ கடலோ எல்லையோ ஏதேனும் ஒரு கோடு மறைந்திருக்கிறது. துருக்கியச் சொல்லில் கோடு இல்லை, துரத்துபவன் இருக்கிறான். யாரோ துரத்தினால்தானே ஒருவன் ஓட வேண்டும்?

அரபு மொழியும் இக்கருத்தில் துருக்கியை ஒத்திருக்கிறது. கடத்தலுக்கு இக்கால அரபியில் ‘தஹ்ரீப்’ என்பர். அதன் வேராகிய ஹா–ரா–பா தப்பியோடுதலைக் குறிக்கும். திருக்குர்ஆனில் ஸூரத்துல் ஜின்னின் 12ஆம் வசனத்தில் இவ்வேர்ச்சொல் வந்துள்ளது. இறைவனிடமிருந்து ஓடித் தப்ப எவராலும் இயலாது என்பது அதன் கருத்து. ஆயினும் அரபுச் சொல்லில் சரக்கு ‘முஹர்ரப்’, அதாவது ஓடச் செய்யப்பட்டது. செயல் செய்தவனுடையது, பொருள் வெறும் பொருளே. துருக்கியச் சொல்லிலோ சரக்கே ஓடியது, சரக்கே குற்றவாளி. கடத்துபவன் ‘கச்சக்ஜி’, ஓடிப்போனதோடு தொழில் நடத்துபவன் மட்டுமே. இந்நுண்ணிய இலக்கண வேறுபாடு பின்னர் சட்டத்தின் நோக்கிலும் மக்களின் நோக்கிலும் பெரும் பொருள் பெற்றது.

சுங்கமும் நீதியும்

சரக்கு ஓட வேண்டுமாயின், அதனை நிறுத்தி வைக்க ஒரு சாவடி வேண்டும். இஸ்லாமிய வரலாற்றில் அச்சாவடியின் தொடக்கம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். முஸ்லிம் வணிகர் எதிரி நாடுகளுக்குச் சென்றால் அங்கு பத்தில் ஒரு பங்கு வாங்கப்படுகிறது என அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) எழுதியபோது, அந்நாட்டு வணிகரிடமும் அவ்வாறே பெறுமாறு உமர் (ரலி) பணித்தார்கள். முஸ்லிம் வணிகரிடம் நாற்பதில் ஒரு பங்கு, திம்மிகளிடம் இருபதில் ஒரு பங்கு, அயல்நாட்டாரிடம் பத்தில் ஒரு பங்கு என விகிதம் அமைந்தது. இருநூறு திர்ஹத்துக்குக் குறைந்த சரக்குக்கு எதுவும் இல்லை.

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் குதிரையொன்றுடன் சுங்க அதிகாரி ஸியாத் இப்னு ஹுதைரைக் கடந்து சென்றார். குதிரை இருபதாயிரம் திர்ஹம் என மதிப்பிடப்பட்டு, ஆயிரம் பெறப்பட்டது. அவர் அதே ஆண்டில் திரும்பி வருகையில் மீண்டும் ஆயிரம் கேட்கப்பட்டது. அவர் மக்காவுக்குச் சென்று கலீஃபாவிடமே முறையிட்டார். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வாங்கலாகாது என்னும் உத்தரவு, அவர் திரும்பிச் சேருமுன்பே அதிகாரியிடம் சேர்ந்துவிட்டது. முஸ்லிமல்லாத ஒரு வணிகரின் முறையீடு ஒரு சட்டவிதியை நிலைநிறுத்தியது. சுங்கம் என்பது அளவும் வரம்பும் உடையது. வரம்பு கடந்தால் முறையிட வழியுண்டு என்பதே அவ்விதியின் உட்கிடை.

அவ்வரம்பு பிற்காலத்தில் மீறப்பட்டது. ஷரீஅத்தில் இடம்பெறாத இத்தகைய தண்டல்களை ‘மக்ஸ்’, பன்மையில் ‘முகூஸ்’ என அறிஞர்கள் குறித்தனர். ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு பெண்ணின் தவ்பாவின் ஆழத்தை விளக்க வரும் ஹதீஸில், மக்ஸ் வாங்குபவனே அத்தகைய தவ்பாவைச் செய்தாலும் மன்னிக்கப்படுவான் என்னும் கருத்து அமைந்திருப்பது, அப்பாவம் எத்துணைப் பெரிதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும். தஹபியும் இப்னு ஹஜர் அல்ஹைத்தமியும் பெரும்பாவங்களைத் தொகுத்த தம் நூல்களில் மக்ஸ் தண்டலையும் சேர்த்துள்ளனர். 1183இல் அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் இறங்கிய அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், ஹாஜிகளின் உடைமைகள் குடையப்பட்டதையும், பொருளின் மீது ஓராண்டு நிறைந்ததா என்றுகூடக் கேளாமல் ஸகாத் என்ற பெயரில் பணம் பறிக்கப்பட்டதையும் மனம் நொந்து எழுதுகிறார். சுல்தான் ஸலாஹுத்தீன் இதனை அறிந்தால் நிறுத்திவிடுவார் என்று அவர் நம்பினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொதுக் கருவூலம் வெறுமையாகி நாட்டின் பாதுகாப்பு ஆபத்துக்குள்ளாகும்போது, நீதியுள்ள ஆட்சியாளர் வசதியுள்ளோரிடம் கூடுதல் வரி விதிக்கலாம் என இமாம் கஸ்ஸாலியும் ஷாத்திபியும் ஏற்றுள்ளனர். தேவை மெய்யானதா, தேவைக்கு மேல் வாங்கப்படவில்லையா, வாங்கியது பொதுநலனுக்கே சென்றதா என்பவை அதற்குரிய உரைகற்கள். இந்த உரைகற்களைக் கையில் வைத்துக்கொண்டே ‘கச்சக்’ என்னும் சொல்லின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்வை நாம் நோக்க வேண்டும்.

புகையிலையும் கோல்ஜுகளும்

புகையிலையின் விதி உஸ்மானிய ஆட்சியில் விசித்திரமானது. 1633இல் நான்காம் முராத் அதனைத் தடை செய்து, புகைத்தோருக்கு மரண தண்டனையும் விதித்தார். நாளடைவில் தடை தளர்ந்தது, வரி வந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, தடுக்கப்பட்ட அப்பொருளே பேரரசின் கடனை அடைக்கும் ஈடாயிற்று.

1875இல் உஸ்மானிய அரசு தன் வெளிக்கடன்களைச் செலுத்த இயலாமல் கைவிரித்தது. 1881 டிசம்பரில் வெளியான ‘முஹர்ரம் ஆணை’யின்படி, ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகள் அடங்கிய பொதுக்கடன் நிருவாகம் அமைக்கப்பட்டு, உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வருவாய் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. இவற்றுள் புகையிலை 1883இல் ஓர் அந்நிய மூலதனக் கூட்டுக் கம்பெனிக்கு முப்பதாண்டு ஏகபோகமாக வழங்கப்பட்டது. அதன் நீண்ட பிரெஞ்சுப் பெயரை மக்கள் ‘ரெஜி’ எனச் சுருக்கினர்.

1884 முதல் நிலைமை தலைகீழாயிற்று. ரெஜியின் அனுமதிச் சீட்டின்றிப் புகையிலை பயிரிடலாகாது. விளைந்ததை அதன் கிடங்கிலேயே சேர்க்க வேண்டும். அதனிடமே விற்க வேண்டும். தன் நிலத்தில் தான் விளைவித்த இலையைத் தானே சுருட்டிப் புகைக்கும் உழவனும் ‘கச்சக்’ புகைத்தவன் ஆனான். அவன் செயலில் எம்மாற்றமும் இல்லை. நேற்றுவரை செய்ததையே இன்றும் செய்தான். பெயர்தான் மாறியது. கம்பெனி தனக்கென ஆயுதந்தாங்கிய காவற்படையை அமர்த்திற்று. ‘கோல்ஜு’ எனப்பட்ட அக்காவலருக்கும் கச்சக்ஜிகளுக்கும் இடையே கருங்கடற்கரை முதல் சிரியா வரை மோதல்கள் மூண்டன. இருதரப்பிலும் ஏராளமானோர் மாண்டனர். 

வரலாற்றறிஞர் டொனால்டு குவாட்டார்ட் 1983இல் வெளியிட்ட நூலில் இப்போராட்டத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். கடத்தலை அடக்குவதில் உஸ்மானிய அதிகாரிகளே முழுமனத்தோடு ஈடுபடவில்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் முக்கியமான செய்தி. ஒருபுறம் அரசு கையொப்பமிட்ட ஒப்பந்தம். மறுபுறம் தம் சொந்தக் குடிகள். அந்நியக் கடன்காரனின் இலாபத்துக்காகத் தம் மக்கள்மீது துப்பாக்கி நீட்ட அவர்கள் தயங்கினர். மேலே கூறிய உரைகற்களை இங்கே பொருத்திப் பார்த்தால், தண்டப்பட்டது பொதுநலனுக்குச் செல்லாதபோது சட்டம் தன் மதிப்பை இழக்கிறது என்னும் உண்மை புலப்படும். ‘கச்சக்’ என்ற வசைச்சொல் கிராமங்களில் வசையாக ஒலிக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

அண்டையிலிருந்த ஈரானிலும் அதே ஆண்டுகளில் அதே கதை வேறொரு முடிவோடு நடந்தது. 1890இல் நாஸிருத்தீன் ஷா, டால்பட் என்னும் ஆங்கிலேயருக்கு ஐம்பதாண்டுப் புகையிலை ஏகபோகத்தை, ஆண்டுக்குப் பதினையாயிரம் பவுனும் இலாபத்தில் கால்பங்கும் பெற்றுக்கொண்டு வழங்கினார். 1891 டிசம்பரில், ஸாமர்ராவில் இருந்த மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரில் புகையிலையைத் தடை செய்யும் ஃபத்வா வெளியானது. ஷாவின் அந்தப்புரத்திலேயே ஹூக்காக்கள் ஓய்ந்தன என்பர். 1892 தொடக்கத்தில் சலுகை இரத்தாயிற்று. ஐந்து இலட்சம் பவுன் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. ஈரானில் மக்கள் புகைப்பதை நிறுத்தினர். உஸ்மானிய நாட்டில் மக்கள் கடத்தத் தொடங்கினர். 

ரெஜி 1925இல் துருக்கிக் குடியரசால் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஏகபோகம் ஒழியவில்லை. அது அரசின் கைக்கு மாறியது. அந்த அரசு நிறுவனமான ‘தெகெல்’லின் சிகரெட் பிரிவு 2008இல் ஒரு பிரித்தானிய புகையிலைக் கம்பெனிக்கே விற்கப்பட்டது, வரலாறு சுற்றி வந்த வட்டம்.

வீரனாகிய கச்சக்

சரக்கு கச்சக் ஆகிக்கொண்டிருந்த அதே காலத்தில், பேரரசுகளின் ஓரங்களில் மனிதர்கள் கச்சக்காகவே நின்றனர். ருஷ்ய ஆட்சியிலிருந்த தென்காக்கசியப் பகுதியில், பெருநிலக்கிழாரையும் ஜார் அதிகாரிகளையும் எதிர்த்து மலையேறிய ‘கச்சக் நபி’ 1896இல் கொல்லப்பட்டார். அவரையும் அவர் மனைவி ஹஜரையும் பற்றிய வீரகாவியத்தை அஸர்பைஜானிய நாட்டுப்பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். கொஸோவோ செர்பியர் வசம் சென்றபின், ஆயுதம் ஏந்திய அல்பேனியரைப் புதிய அரசு ‘கச்சக்’ என்று இழித்துரைத்தது. அல்பேனியரோ அப்பெயரைப் பெருமையோடு ஏற்றனர். 1924இல் மாண்ட ஆஸெம் பெய்த்தா அவர்களுள் புகழ்பெற்றவர். அரசின் குற்றப்பட்டியல் மக்களின் காவியமாவது இச்சொல்லின் பிறவிக்குணம் போலும்.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

முதல் உலகப்போருக்குப் பின் இச்சொல்லின் மூன்றாம் பருவம் தொடங்குகிறது. 1921இல் பிரான்சும் அங்காரா அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, துருக்கிக்கும் சிரியாவுக்கும் இடைப்பட்ட எல்லையின் பெரும்பகுதி பக்தாது இரயில்பாதையை ஒட்டி வரையப்பட்டது. 1926இல் ஈராக் எல்லை முடிவாயிற்று. அப்பகுதிக் குர்துகள் துருக்கிப் பக்கத்தை ‘ஸெர்கெத்’ (கோட்டுக்கு மேலே) என்றும் சிரியப் பக்கத்தைப் ‘பின்கெத்’ (கோட்டுக்குக் கீழே) என்றும் குறித்தனர். நாடுகளின் பெயர் அவர்கள் நாவில் ஏறவில்லை. கோடு மட்டுமே ஏறியது. தொன்மையான நுஸைபின் நகரம் ஒருபுறம், அதன் எதிரே புதிதாக எழுந்த காமிஷ்லி மறுபுறம். ஒரே குடும்பத்தின் மணவினைகளும் மந்தைகளும் சந்தைகளும் இரு அரசுகளுக்குள் சிதறின. நேற்று சந்தைக்குப் போனவன் இன்று கச்சக்ஜி.

1932இல் துருக்கி தன் கடத்தல் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அது 2003இலும் மீண்டும் 2007இலும் புதுப்பிக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதி முதல் சிரிய எல்லையோரம் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. தேயிலைக்கும் துணிக்கும் ஆட்டுக்கும் காலிழந்தோர் அங்கே பலர். லுத்ஃபி அகாத் இயக்கி யில்மாஸ் குனெய் நடித்த ‘எல்லைகளின் சட்டம்’ (1966) என்னும் திரைப்படம் அவ்வாழ்வைக் காட்டியது.

இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். 1943 ஜூலையில் வான் மாகாணத்து ஒஸால்ப் பகுதியில், ஈரானிலிருந்து கால்நடை கடத்தியதாகப் பிடிக்கப்பட்ட 33 கிராமத்தார், விசாரணையின்றி, தளபதி முஸ்தஃபா முக்லாலியின் உத்தரவின் பேரில் சுடப்பட்டனர். ஒருவரே உயிர் தப்பினார். பின்னர் தளபதி தண்டிக்கப்பட்டு, 1951இல் காவலில் இறந்தார். கவிஞர் அஹ்மத் ஆரிஃபின் ‘முப்பத்து மூன்று தோட்டாக்கள்’ அத்துயரத்தின் நினைவுக்கல்லாக நிற்கிறது. மற்றது, 2011 டிசம்பர் 28 இரவு, ஷிர்னாக் மாகாணத்து ரொபோஸ்கி கிராமத்தார் ஈராக்கிலிருந்து கோவேறு கழுதைகளில் எரிபொருளும் சிகரெட்டும் ஏற்றி வருகையில், துருக்கிய விமானப்படையின் குண்டுவீச்சில் 34 பேர் மாண்டது. அவர்களில் பலர் சிறுவர். இரண்டுக்கும் இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள். கொண்டுவந்த பொருளுக்கு அபராதம் விதித்திருக்கலாம், பறிமுதல் செய்திருக்கலாம். எந்தச் சட்டநூலிலும் அதற்கு மரணம் தண்டனையன்று. சரக்குக்கு இடப்பட்ட பெயர் மனிதன்மேல் ஒட்டிக்கொண்டால், அவன் உயிரும் பறிமுதல் பொருளாகிவிடுகிறது.

ஒரு குவளைத் தேநீர்

இச்சொல்லின் மென்மையான முகம் ஒன்றும் உண்டு. துருக்கி, 1924இல் சட்டம் இயற்றி, கருங்கடலோர ரிஸேயில் தேயிலையை வளர்த்தது. 1938இல் முதல் விளைச்சல் கைக்கு வந்தது. உள்நாட்டுத் தேயிலையைக் காக்க இறக்குமதிக்கு 145 விழுக்காடு வரை சுங்கம் விதிக்கப்பட்டது. ஆனால் தியார்பக்கிர், வான், உர்ஃபா மக்களின் நாக்கு, எல்லை தாண்டி வந்த இலங்கைத் தேயிலையின் கடும் நிறத்துக்கும் மணத்துக்கும் பழகிவிட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கச்சக் சாய்’. இதில் வியப்பு யாதெனில், முறையாகச் சுங்கம் செலுத்தி, முத்திரையிட்டு வந்த இலங்கைத் தேயிலையையும் அம்மக்கள் ‘கச்சக்’ என்றே கேட்டு வாங்குகின்றனர். குற்றத்தின் பெயர் சுவையின் பெயராயிற்று. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மலையகத் தமிழ்ப் பெண்களின் விரல்கள் கிள்ளிய கொழுந்து, மெசொப்பொத்தேமியச் சமவெளியில் ‘ஓடிப்போன தேநீர்’ என்னும் பெயரில் விருந்தினருக்கு ஊற்றப்படுகிறது. நம் மொழி பேசும் மக்களின் உழைப்பு இச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பதை அங்கு அருந்துவோரும் அறியார். இங்கு பறிப்போரும் அறியார்.

இரு பெயர்கள்

ஈரானில் 2013இல் இயற்றப்பட்ட சட்டம் ‘பொருள் மற்றும் அந்நியச் செலாவணி காச்சாக்’கை எதிர்க்கும் சட்டம் எனப் பெயர் பெற்றது. அச்சட்டத்தின் கண்ணில் மேற்கு மலைகளில் மூட்டை சுமந்து எல்லை கடப்பவன் காச்சாக்ஜி. ஆனால் அம்மலைமக்கள் அவனைக் ‘கோல்பர்’ என்கின்றனர். முதுகில் சுமப்பவன் என்பது பொருள். பனிப்பாதையில் குளிர் தாங்க மது புகட்டப்பட்ட கோவேறு கழுதைகளோடு செல்லும் குர்துச் சிறுவர்களைப் பஹ்மன் குபாதியின் ‘குடித்த குதிரைகளுக்கான நேரம்’ (2000) உலகுக்குக் காட்டியது. ஒரே ஆள், ஒரே மூட்டை, ஒரே பாதை. ஒரு பெயர் குற்றத்தைச் சொல்கிறது, மற்றது சுமையைச் சொல்கிறது. 

இக்காலத்து முஃப்திகளில் பலர், பொதுநலனுக்கென விதிக்கப்பட்ட சட்டத்தை மீறுவதும் உயிரை ஆபத்தில் இடுவதும் கூடாது என்னும் அடிப்படையில் கடத்தலைத் தடுக்கின்றனர். போதைப்பொருளும் ஆயுதமும் கடத்துவோர் விஷயத்தில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஃபிக்ஹ் நூல்கள் கடப்பவனிடம் மட்டும் கணக்குக் கேட்பதில்லை. சாவடியில் அமர்ந்திருப்பவனிடமும் கேட்கின்றன. மக்ஸ் பற்றிய எச்சரிக்கை முழுவதும் வாங்குபவனை நோக்கியே பேசுகிறது, கொடுக்க மறுத்தவனை நோக்கியல்ல. இன்றைய விவாதங்களில் மறக்கப்பட்ட பகுதி இதுவே.

இறுதியாக, ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். அங்கு ‘காச்சாக்பர்’ என்றால் எல்லைக்கப்பால் ஆட்களைக் கொண்டுசேர்ப்பவன் என்பதே இன்று பலரும் அறிந்த பொருள். போருக்கும் பசிக்கும் அஞ்சி ஈரான் வழியாகத் துருக்கிக்கும் அதற்கப்பாலும் செல்வோர் அவனிடம் பணம் கட்டுகின்றனர். சிரிய எல்லையில் 2018க்குள் எழுநூறு கிலோமீட்டருக்கும் மேலாகக் கான்கிரீட் சுவர் எழும்பியபின்னும் ஓட்டம் நிற்கவில்லை. ஓடிப்போன மனிதனைக் குறிக்கப் பிறந்த சொல், இடையில் புகையிலைக்கும் ஆட்டுக்கும் தேயிலைக்கும் எரிபொருளுக்கும் பெயராகி, மீண்டும் ஓடும் மனிதனிடமே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இம்முறை அவன் ஓடுபவனாக அல்ல, ஓட்டிச் செல்லப்படும் சரக்காக அதற்குள் அடைபட்டிருக்கிறான். தக்லிப் குலத்து வணிகருக்கு முறையிட ஒரு மக்காவும், கேட்க ஓர் உமரும் இருந்தார்கள்.